ஆளில்லாக் கரை எது? கடலோரத் தொல்குடிகளும் கேமராவும்

கடலோரத் தொல்குடிகளைப் பற்றி வெளியுலகம் வைத்திருக்கும் மனப்பதிவு பெரும்பாலும் புகைப்படங்களால் உருவானது. கனடாவின் மேற்குக் கரையில் உயர்ந்து நிற்கும் டோட்டெம் கம்பங்களையும், அந்தமான் மணலில் வில்லோடு நிற்கும் மனிதரையும், டாரஸ் நீரிணைத் தீவுகளின் முகமூடி நடனத்தையும் நேரில் கண்டவர்கள் மிகச் சிலர். படத்தில் கண்டவர்கள் கோடிக்கணக்கானோர். இந்தப் படங்களில் பெரும்பகுதியை எடுத்தவர்கள் ஆராய்ச்சிக்கோ அரசுப் பணிக்கோ வியாபாரத்துக்கோ அங்கே வந்துபோன வெளியாட்கள். எடுத்த படங்களைக் கையோடு கொண்டுபோய் அருங்காட்சியகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் சேர்த்துவிட்டார்கள்.

இந்த மக்களைப் படம் எடுக்கலாமா, கூடாதா என்றுதான் பொதுவாக விவாதம் நடக்கிறது. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அதைவிட அடிப்படையான மூன்று கேள்விகள் எழுகின்றன. சட்டகத்துக்குள் எது வந்தது, எது வெட்டப்பட்டது? அதை முடிவுசெய்தவர் யார்? எடுத்த படம் பிறகு யார் கையில் இருந்தது? இந்த மூன்றையும் வைத்துச் சில கரைகளின் வரலாற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மக்களை அவர்களுடைய கரையிலிருந்தும் காலத்திலிருந்தும் பிரித்துக் காட்டிய உருவப்படங்களும், கரையை மக்களே இல்லாமல் காட்டிய நிலக்காட்சிகளும் சேர்ந்தே அவர்களிடமிருந்து நிலத்தைப் பறிக்க உதவின. அந்தப் பிரிவினையைச் சரிசெய்யும் உரிமை அம்மக்களுக்கே முதலில் உண்டு.

சட்டகத்துக்கு வெளியே நின்ற வேலி

வான்கூவர் தீவின் வடகோடியில் உள்ள ஃபோர்ட் ரூபர்ட்டில் 1894ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட ஒரு படம் மானுடவியல் மாணவர்களிடையே மிகவும் பிரபலம். க்வாக்வக்கவாக்வ் இனப் பெண் ஒருவர் தரையில் அமர்ந்து கைவேலையில் ஈடுபட்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் ஒரு துணியை ஆளுக்கொரு முனையாக விரித்துப் பிடித்திருக்கிறார்கள். ஒருவர் அமெரிக்க மானுடவியலின் முன்னோடியான ஃபிரான்ஸ் போவாஸ். மற்றவர் அவருடைய உள்ளூர்த் துணைவரான ஜார்ஜ் ஹன்ட். எடுத்தவர் விக்டோரியா நகரத்துப் புகைப்படக்காரர் ஹேஸ்டிங்ஸ். துணிக்குப் பின்னால் மரச்சட்டங்கள் அடித்த வேலியும் ஐரோப்பிய பாணி வீடும் தெரிகின்றன.

அருங்காட்சியகத்துக்குத் தேவைப்பட்டது துணிக்கு முன்னால் இருந்த பகுதி மட்டுமே. வேலியும் வீடும் தெரிந்தால் அந்தப் பெண் 1894இல் வாழ்பவராகிவிடுவார். அவை மறைந்தால் என்றைக்கோ இருந்த ஒரு 'பழைய வாழ்க்கை'யின் மாதிரியாகிவிடுவார். கேமராவைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி எடுத்ததால்தான் அந்தத் தயாரிப்பு வேலை முழுவதும் நமக்குத் தெரியவருகிறது.

ஹன்ட்டின் தாய் ட்லிங்கிட் இனத்தவர், தந்தை ஆங்கிலேயர். ஃபோர்ட் ரூபர்ட்டிலேயே வளர்ந்த அவர், பல பத்தாண்டுகளாக ஆயிரக்கணக்கான பக்கங்களில் கதைகளையும் சடங்குகளையும் சமையல் முறைகளையும்கூட எழுதி போவாஸுக்கு அனுப்பினார். எனவே 'வெளியாள் எடுத்தார், உள்ளூர்க்காரர் ஏமாந்தார்' என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிட முடியாது. துணியின் ஒரு முனையை உள்ளூர்க்காரரும் பிடித்திருந்தார். அவருக்கும் பாதுகாக்க வேண்டியவை இருந்தன.

ஒரு டாலர் படம்

தொல்குடிப் புகைப்படம் என்றாலே முதலில் வரும் பெயர் எட்வர்ட் கர்ட்டிஸ். சியாட்டில் நகரில் ஸ்டுடியோ நடத்திய அவர் 1890களின் நடுவில் எடுத்த தொடக்ககாலப் படங்களில் ஒன்று கிகிசொப்லு என்ற முதிய பெண்மணியுடையது. எந்தத் தலைவரின் பெயரை அந்த நகரம் சூடிக்கொண்டதோ, அந்தத் தலைவரின் மகள் அவர். வெள்ளையர்கள் அவரை 'இளவரசி ஏஞ்சலின்' என்று அழைத்தார்கள். 1855 ஒப்பந்தப்படி அவருடைய மக்கள் நகரைவிட்டு ஒதுக்கீட்டு நிலங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வேலைக்கு வைத்திருப்பவர் இடம் கொடுத்தாலன்றித் தொல்குடிகள் நகருக்குள் குடியிருக்கக் கூடாது என்று 1865இல் சியாட்டில் ஊராட்சி விதியே செய்தது. கிகிசொப்லு போக மறுத்தார். கடற்கரையோரக் குடிசையில் தங்கி, துணி வெளுத்தும் கூடை விற்றும் மட்டி தோண்டியும் பிழைத்தார். ஒரு படத்துக்கு ஒரு டாலர் கொடுத்ததாகக் கர்ட்டிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்தப் படத்தில் தலைமுண்டும் கைத்தடியும் சுருக்கம் விழுந்த முகமும் இருக்கின்றன. அவரை வெளியேறச் சொன்ன விதி அதில் இல்லை. பார்ப்பவருக்குத் தோன்றுவது, மறைந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தின் சோகம். அந்த மறைவு தானாக நடப்பதுபோல் படம் காட்டுகிறது. அதை நடத்தியவர்கள் சட்டகத்துக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

1906இல் பெருவணிகர் ஜே. பி. மோர்கன் 75,000 டாலர் கொடுக்க முன்வந்ததும் கர்ட்டிஸின் பெருந்திட்டம் உருவெடுத்தது. 1907 முதல் 1930 வரை 20 தொகுதிகள், 2,200க்கும் மேற்பட்ட படங்கள். பத்தாம் தொகுதி க்வாக்வக்கவாக்வ் மக்களைப் பற்றியது. அதே கரையில் அவர் எடுத்து 1914இல் வெளியிட்ட 'இன் த லேண்ட் ஆஃப் த ஹெட் ஹன்டர்ஸ்' என்ற மௌனப் படத்தில் நடித்தவர்கள் அனைவரும் அம்மக்களே. சீடர் மரப்பட்டை உடைகளும் பொய்முடிகளும் படத்துக்கென்றே தயாராயின. அந்த ஏற்பாடுகளை முன்னின்று செய்தவர் அதே ஜார்ஜ் ஹன்ட்.

இதைப் போலி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1885 முதல் 1951 வரை கனடாச் சட்டம் பாட்லாட்ச் என்ற கொடைவிழாவைத் தடைசெய்திருந்தது. பெயர் சூட்டல், திருமணம், துக்கம், உரிமை மாற்றம் எல்லாம் ஊரார் சாட்சியாக நிறைவேறும் விழா அது. அங்கே ஆடினால் சிறை. கேமராவுக்கு முன் ஆடினால் சினிமா. தடைக்காலத்தில் முகமூடிகளையும் நடனங்களையும் வெளிப்படையாகக் கொண்டுவர அந்தப் படப்பிடிப்பு ஓர் இடைவெளியைத் திறந்தது. 1970களில் அம்மக்களின் குரலும் பாட்டும் சேர்க்கப்பட்டு படம் மறுபடி வெளிவந்தது. 2008இல் மீட்டெடுத்த பிரதி திரையிடப்பட்டபோது, நடித்தவர்களின் வழித்தோன்றல்கள் அதே மேடையில் நேரில் ஆடினார்கள். கர்ட்டிஸ் அழிவின் ஆவணமாக நினைத்ததை அவர்கள் குடும்ப ஆவணமாக ஆக்கிக்கொண்டார்கள்.

ஏறத்தாழ இதே கதை ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையின் மெர் தீவிலும் நடந்தது. 1898இல் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழுவோடு வந்த ஆல்ஃபிரட் ஹேடன் அங்கே மாலோ-போமாய் சடங்கு நடனத்தைப் படம்பிடித்தார். மதப்பிரச்சாரம் வந்தபின் பழைய முகமூடிகள் இல்லாமல் போயிருந்தன. தீவு மக்கள் அட்டையில் புதிதாகச் செய்து அணிந்து ஆடினார்கள். அந்தப் பயணத்தின் அறிக்கைகள், அத்தீவைச் சேர்ந்த எடி மாபோ தொடுத்த வழக்கில் சான்றுகளாகவும் பயன்பட்டன. ஆளற்ற நிலம் என்ற கோட்பாட்டை 1992இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நிராகரித்தது அந்த வழக்கில்தான்.

அளவெடுத்த கண்

எல்லா ஆவணங்களுக்கும் இத்தகைய மறுவாழ்வு கிடைக்கவில்லை. அந்தமானில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மன், 1890களில் அந்தமானியரை நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். சிலரைக் கட்டம் போட்ட பின்னணிக்கு முன் முன்புறமாகவும் பக்கவாட்டிலும் நிறுத்தினார். உடலை அங்குல அங்குலமாக ஒப்பிட அந்தக் கட்டங்கள் உதவும் என்பது அக்கால அறிவியலின் நம்பிக்கை. கடலும் படகும் காடும் அங்கே இல்லை. உடல் மட்டும் இருந்தது.

இதே போர்ட்மன் 1880இல் வடக்கு சென்டினல் தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்தார். பெரியவர்கள் இருவரும் நோயுற்று இறந்தார்கள். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி விடப்பட்டார்கள். படம் எடுத்த கையும் ஆளைத் தூக்கிவந்த கையும் ஒன்றே என்பதை மறந்து அந்தத் தொகுப்பைப் பார்க்க முடியாது. கைதிக் குடியிருப்பு அமைந்த 1858க்குப் பின் தொற்றுநோய்கள் பரவி, ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேராகக் குறைந்தனர். 1961இல் 19 பேர்.

காலியாகக் காட்டப்பட்ட கரை

உருவப்படங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நிலக்காட்சிகளைப் பற்றி அந்த அளவுக்கு யோசிப்பதில்லை. அவற்றில் யாரும் அவமதிக்கப்படுவதாகத் தெரியாது, ஏனென்றால் யாருமே இருக்க மாட்டார்கள். என் பார்வையில் அங்கேதான் ஆபத்து அதிகம்.

கனடா நிலவியல் ஆய்வுத் துறையின் ஜார்ஜ் டாசன் 1878இல் ஹைடா க்வாய் தீவுக்கூட்டத்துக்கு வந்து ஊர்களைப் படமெடுத்தார். ஸ்கிடகேட், ஸ்கெடான்ஸ் போன்ற ஊர்களில் கடலைப் பார்த்து வரிசையாக நின்ற பெரிய வீடுகளும் அவற்றின் முன் கம்பங்களும் அவற்றில் பதிவாகியுள்ளன. ஹைடா சிற்பிகளுக்கும் வரலாற்றாளர்களுக்கும் இன்று மதிப்பிட முடியாத கருவூலம் அது. ஆனால் பல படங்களில் கரை வெறிச்சோடிக் கிடக்கிறது. 1862இல் விக்டோரியாவில் தொடங்கிய பெரியம்மை இந்தக் கரை நெடுகிலும் ஊர்களைக் காலிசெய்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைடா மக்கள் 600 பேருக்கும் குறைவாகவே எஞ்சினர். காலியான கரை, கொள்ளைநோய் விட்டுப்போன தடம். அதையே 'யாருக்கும் சொந்தமில்லாத இயற்கை' என்று பின்னால் வந்தவர்கள் வாசித்தார்கள்.

அந்த வாசிப்பு இன்னும் ஓயவில்லை. தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள ஸ்காங் க்வாய் 1981இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. பாசி படர்ந்து சாய்ந்து நிற்கும் ஈமக்கம்பங்களைப் படம் எடுத்து 'கைவிடப்பட்ட ஊர்' என்று குறிப்பு எழுதுவது பயணிகளின் வழக்கம். உண்மையில் அதே 1981 முதல் ஹைடா காவலர்கள் கோடை முழுவதும் அங்கே தங்கி ஊரைப் பார்த்துக்கொள்கிறார்கள். வருபவர் எந்த வழியாக நடக்கலாம், எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பதை வெள்ளை மட்டி ஓடுகளைத் தரையில் வரிசையாக அடுக்கிக் காட்டுகிறார்கள். பயணி எடுக்கும் படத்தின் கோணமே அந்த ஓடுகள் தீர்மானித்ததுதான். கம்பங்களை ரசாயனம் பூசி நிரந்தரமாக்காமல் மண்ணோடு சேரவிடுவதும் மரபையொட்டி அவர்கள் எடுத்த முடிவு. ஆகவே அந்தச் சாய்வில் தெரிவது கவனிப்பு.

ஆளில்லாத இயற்கை என்ற எண்ணத்துக்கு இதே கரை இன்னொரு பதிலையும் வைத்திருக்கிறது. 1995இல் ஜான் ஹார்ப்பர் என்ற நிலவடிவியலாளர் பிராட்டன் தீவுக்கூட்டத்தின் மேல் தாழப் பறந்து கரையை வரைபடமாக்கிக்கொண்டிருந்தார். கடல் நன்றாக வற்றியிருந்த நேரம். கரையோரமாக நெடுகப் பிறைபோல வளைந்த கல்வரிசைகள் அவர் கண்ணில் பட்டன. இயற்கையாக உருவானவையாக அவை தோன்றவில்லை. விடை க்வாக்வக்கவாக்வ் தலைவர் ஆடம் டிக்கிடம் இருந்தது. சிறுவயதிலேயே மூத்தோரிடம் பயின்றவர் அவர். அவை மட்டித் தோட்டங்கள். கடல் மிகவும் வற்றும் எல்லையில் கல்லை உருட்டி வைத்துத் தாழ்ந்த சுவர் எழுப்பினால், அதற்கு உட்புறம் மணலும் ஓட்டுத்தூளும் படிந்து சரிவு சமமாகும். மட்டி வாழ ஏற்ற ஆழத்தில் இடம் பெருகும். குவாட்ரா தீவில் இவற்றில் சில குறைந்தது 3,500 ஆண்டுப் பழமையானவை. சுவர் இல்லாத கரைகளைவிட இவற்றில் ஒரு வகை மட்டி நான்கு மடங்கு அதிகம் என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

அழகிய கடற்கரைப் படங்கள் எத்தனையோ எடுக்கப்பட்ட வட்டாரம் அது. பெரும்பாலும் நீர் நிறைந்திருக்கும்போது, வெளிச்சம் பார்த்து எடுத்தவை. மனித உழைப்பு தெரியவேண்டுமானால் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டும். அந்த நேரம் யாருக்குத் தெரியும்? அங்கே மட்டி எடுப்பவர்களுக்குத் தெரியும்.

கேமரா கைமாறியபோது

கர்ட்டிஸ் தன் பெருந்திட்டத்தைத் தொடங்கும் முன்பே இதே கரையில் தொல்குடிப் புகைப்படக்காரர் ஒருவர் ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தார். அலாஸ்காவின் மெட்லகாட்லா ஊரைச் சேர்ந்த பெஞ்சமின் ஹால்டேன், ஸிம்ஷியன் இனத்தவர், இசைக்குழு நடத்தியவர். 1899இல் ஸ்டுடியோ திறந்து கல்யாணங்களையும் குடும்பங்களையும் பித்தளை வாத்தியக் குழுக்களையும் எடுத்தார். கோட்டு சூட்டு போட்டவர்களும் இருக்கிறார்கள், மரபுடை அணிந்தவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் ஒன்றை மறைத்தால்தான் உண்மையான ஸிம்ஷியன் என்று அவர் எண்ணவில்லை. 1941இல் அவர் இறந்தபின் கண்ணாடித் தகடுகள் பல கவனிப்பாரற்றுக் கிடந்து, ஒரு பகுதி குப்பைக்கிடங்கிலிருந்து மீட்கப்பட்டது. அவ்வூரைச் சேர்ந்த கலை வரலாற்றாளர் மிக்கெல் டாங்கெலி அவற்றை ஆராய்ந்து, படத்தில் உள்ளவர்களின் குடும்ப நினைவுகளோடு இணைத்தார். கர்ட்டிஸின் தொகுதிகள் பெரிய நூலகங்களில் பத்திரமாக இருந்த காலத்தில் ஹால்டேனின் தகடுகள் குப்பைக்குப் போயின என்பதே, எந்தப் பார்வைக்கு விலை இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

பியூஜெட் சவுண்ட் கரையைச் சேர்ந்த ஸ்வினோமிஷ்-டுலாலிப் புகைப்படக் கலைஞர் மட்டிகா வில்பர் 2012இல் 'ப்ராஜெக்ட் 562' தொடங்கினார். அப்போது அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்றிருந்த இனங்களின் எண்ணிக்கையையே பெயராக வைத்து, அவ்வினங்களைத் தேடிப் பல ஆண்டுகள் பயணம் செய்தார். படத்தில் இருப்பவர் தாம் நிற்க விரும்பும் இடத்தில் நிற்கிறார். அவருடைய பேச்சு படத்தோடு சேர்ந்தே வருகிறது. 2023இல் நூலாகவும் வந்தது. கிகிசொப்லு மட்டி தோண்டிய அதே நீர்ப்பரப்பின் கரையிலிருந்து இந்தப் பதில் வந்திருப்பது முக்கியமானது.

போராட்டத்திலும் கேமரா துணை நின்றது. 1985இல் ஹைடா க்வாயின் லயல் தீவில் பழங்காட்டை வெட்டுவதை எதிர்த்து ஹைடா மக்கள் மரம் ஏற்றும் சாலையை மறித்தார்கள். பொத்தான் வேலைப்பாடுள்ள மரபுப் போர்வைகளைப் போர்த்திய மூத்தவர்கள் முதலில் கைதானார்கள். மொத்தம் 72 பேர். அந்தக் காட்சிகள் கனடா முழுவதும் போய்ச் சேர்ந்தன. 1987இல் அரசுகள் அப்பகுதியைக் காக்க ஒப்பந்தம் செய்தன. 2024இல் தீவுக்கூட்டம் முழுவதும் ஹைடா மக்களின் உரிமை நிலம் என்று பிரிட்டிஷ் கொலம்பியா அரசு ஏற்றுக்கொண்டது. மக்களும் காடும் ஒரே சட்டகத்தில் நின்றபோது அந்தக் கரையை ஆளில்லாக் கரை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

படம் ஊர் திரும்பும் வழி

1921 டிசம்பரில் க்வாக்வக்கவாக்வ் மக்கள் வில்லேஜ் தீவில் நடத்திய பெரிய பாட்லாட்சுக்காகப் பலர் சிறை சென்றார்கள். முகமூடிகளும் செப்புத் தகடுகளும் பறிக்கப்பட்டு அலர்ட் பே தேவாலயக் கூடத்தில் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டன. அந்தக் கூடத்தின் படங்கள் இருக்கின்றன. எடுத்தபோது அவை அதிகாரத்தின் வெற்றிப் பதிவு. இன்று பறிமுதலுக்கான சாட்சி. திரும்பிவந்த பொருள்களுக்காக 1980இல் அலர்ட் பேயில் உ'மிஸ்டா பண்பாட்டு மையம் எழுந்தது.

முகமூடியை மீட்பதைவிடப் படத்தை மீட்பது சிக்கலானது, ஏனென்றால் பிரதி எங்கும் இருக்கும். ஆகவே தொல்குடிகள் பயன்பாட்டு விதிகளைக் கேட்கிறார்கள். கனடாவின் முதற்குடிகள் 1998இல் வகுத்த கொள்கை, தங்களைப் பற்றிய தகவலின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் நான்கும் தங்களுக்கே வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில், மறைந்தவர்களின் உருவம் இடம்பெறலாம் என்று தொல்குடிப் பார்வையாளர்களை முன்கூட்டியே எச்சரிப்பது தொலைக்காட்சியிலும் காப்பகங்களிலும் வழக்கமாகிவிட்டது. 'லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்' என்ற முயற்சி, இது குறிப்பிட்ட பருவத்துக்குரியது, இது வணிகத்துக்கு அல்ல என்பது போன்ற முத்திரைகளை ஆவணங்களோடு இணைக்கச் சமூகங்களுக்கு வழி செய்கிறது.

எடுக்கக் கூடாத படம்

சில இடங்களில் பதில் 'வேண்டாம்' என்பதுதான். அந்தமானின் ஜாராவா மக்கள் வாழும் காட்டை ஊடறுத்து அந்தமான் நெடுஞ்சாலை போகிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குவிதி அங்கே வெளியாட்களைக் கட்டுப்படுத்துகிறது. ஜாராவாக்களைப் படம் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம். இருந்தும் உணவைக் காட்டிப் பெண்களை ஆடச்சொன்ன வீடியோ 2012 ஜனவரியில் வெளியாகி நாட்டையே தலைகுனிய வைத்தது. சென்னையிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் அந்தமான் போகும் தமிழர்கள் ஏராளம். வண்டிச் சன்னலில் கைபேசியை உயர்த்தும் அந்த நொடியில் இந்த வரலாறு முழுவதும் நம் கைக்கு வருகிறது. வைத்துவிட வேண்டும். அதற்கு மேல் அங்கே விவாதம் இல்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தில், சென்டினல் தீவின் மணலில் ஒருவர் வானை நோக்கி அம்பு பூட்டி நிற்கிறார். உயிரோடிருக்கிறார்கள் என்ற நல்ல செய்தியை அது சொன்னது. நெருங்காதே என்ற அவர்களுடைய முடிவையும் அதுவே பதிவு செய்தது. முதல் செய்தியைக் கொண்டாடியவர்கள் இரண்டாவதையும் மதிக்க வேண்டும்.

எதிர்வாதங்களும் என் நிலைப்பாடும்

அன்று எடுக்காமல் விட்டிருந்தால் இன்று மீட்க என்ன இருந்திருக்கும் என்பது வலுவான கேள்வி. டாசனின் படங்களும் கர்ட்டிஸின் படச்சுருளும் இன்று பயன்படுவது உண்மைதான். அவற்றை அழிக்கச் சொல்பவர்களும் யாருமில்லை. ஆனால் பிற்காலப் பயன் அன்றைய பறிப்பை நியாயமாக்காது. பயன் விளைந்தது எங்கெல்லாம் என்று பார்த்தால், அந்தந்த மக்கள் படத்தைக் கையில் வாங்கிப் பெயரும் குரலும் கொடுத்த இடங்களில்தான்.

இன்னொரு கேள்வி, சம்மதம் யாரிடம் வாங்குவது என்பது. சமூகத்துக்கு ஒரே குரல் கிடையாது. வடமேற்குக் கரையில் பாட்டும் நடனமும் குலச்சின்னமும் தனித்தனிக் குடும்பங்களின் உடைமை. முகமூடி அணிந்தவர் சரி என்றாலும் அதன் உரிமைக் குடும்பம் சரி என்றதாகாது. கேட்டுத் தெரிந்துகொள்ளப் பொறுமையும் நாள்களும் வேண்டும். அவசரப் பயணத்துக்கு ஏற்றதல்ல இந்த வேலை.

புகைப்படக்காரரின் சுதந்திரம் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். அதிகாரத்தில் இருப்பவர்களை நோக்கும்போது அந்தச் சுதந்திரத்தை நானும் முழுமூச்சாகக் காப்பேன். நிலத்தையும் சடங்கையும் சட்டத்தால் இழந்தவர்களை நோக்கும்போது அதே சுதந்திரம் இன்னொரு பறிப்பாகிவிடும்.

இந்தத் துறையில் இறங்கும் இளைஞர்கள் செய்யக்கூடியவை தெளிவானவை. அவரவர் விரும்பினால் பெயரோடு படக்குறிப்பு எழுதுங்கள். விசைப்படகையும் தகரக் கூரையையும் பள்ளிச்சீருடையையும் சட்டகத்திலிருந்து விலக்காதீர்கள். கடல் வற்றும் நேரத்தையும் வேலை நேரத்தையும் கேட்டறிந்து போங்கள். இடுகாடும் மட்டிப் படுகையும் எங்கே என்பதைக் காட்டிக்கொடுக்கும் இடக்குறிகளைக் கோப்பிலிருந்து நீக்குங்கள். பிரதியை அந்த ஊருக்கே முதலில் கொடுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குவேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். கற்றுக்கொடுக்க முடிந்தால் அங்குள்ள பிள்ளைகளிடம் கேமராவைக் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தால் படங்கள் குறையலாம். குறையட்டும். தம் கரையில், தம் காலத்தில், தம் பெயரோடு மக்கள் நிற்கும் படம் ஒன்று இருந்தால் அது நிலவுரிமைக்குச் சாட்சியாகும். அந்த மூன்றையும் வெட்டிவிட்டு எடுக்கும் ஆயிரம் அழகான படங்கள், அம்மக்களை அங்கிருந்து அகற்றிய பழைய வேலையின் தொடர்ச்சிதான்.